வாசலுக்குள் ஒரு சைக்கிள்

புதுச்சேரி இந்திரா காந்தி சிலையிலிருந்து விழுப்புரம் சாலையில் மேற்கே போனால், ரெட்டியார்பாளையம் தாண்டி மூலக்குளம். அதற்கப்பால் அரும்பார்த்தபுரம் மேம்பாலம், பிறகு வில்லியனூர். ஒரு தலைமுறைக்கு முன் வயலும் தோப்புமாக இருந்த பல இடங்களில் இன்று மூன்று மாடி, நான்கு மாடி அடுக்ககங்கள் நிற்கின்றன. அவற்றில் ஏதாவது ஒன்றின் கீழ்த்தளத்துக்குள் நுழைந்து பாருங்கள். தூண்களுக்கு இடையே கார்கள். காருக்கும் சுவருக்கும் நடுவே ஸ்கூட்டர்கள். தண்ணீர் மோட்டார் இருக்கும் மூலையில், மாடிப்படிக்கு அடியில், காற்று இறங்கிய டயர்களோடு நாலைந்து சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். ஒன்றின் பெடல் இன்னொன்றின் சக்கரக் கம்பிக்குள் புகுந்திருக்கும். கடைசியில் நிற்பதை எடுக்க முன்னால் நிற்கிற அத்தனையையும் நகர்த்த வேண்டும். அதனால் எவரும் எடுப்பதில்லை.

அவை உடைந்து ஒதுக்கப்பட்ட சைக்கிள்கள் அல்ல. பெரும்பாலானவற்றுக்கு இரண்டு ட்யூப், கொஞ்சம் எண்ணெய், அரை நாள் மெக்கானிக் வேலை போதும். ஓடுகிற வண்டிகளை நிறுத்தியது இடம்தான். வெயில், பஸ்ஸும் லாரியும் உரசிப்போகும் சாலை, வயசு, சோம்பல் என்று நாம் சொல்லும் காரணங்கள் எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் மாடி வீட்டில் குடியிருப்பவருக்கு இவை எல்லாம் சைக்கிள் தெருவுக்கு வந்தபிறகு எழும் கேள்விகள். வீட்டுக் கதவிலிருந்து தெரு வரைக்கும் அதைக் கொண்டுவரும் பாடு முதலில் நிற்கிறது. ஸ்கூட்டரை எடுக்க ஆகும் நேரத்தைவிடச் சைக்கிளை எடுக்கும் நேரம் கூடிவிட்டால், அந்தச் சைக்கிள் ஓடாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இது ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதற்கான வழிகள்.

மூலக்குளம் சைக்கிளுக்கு ஏற்ற தூரத்தில் அமைந்த ஊர். கடற்கரைச் சாலைக்கு ஆறு கிலோமீட்டர் சொச்சம். வில்லியனூருக்கு மூன்று, நான்கு. நெல்லித்தோப்பு மார்க்கெட், பள்ளிக்கூடங்கள், வங்கி, மருந்துக்கடை எல்லாம் அதற்குள்தான். மேடு பள்ளம் இல்லாத பூமி. நிதானமாக மிதித்தாலும் மணிக்கு பன்னிரண்டு கிலோமீட்டர் போகலாம். விடியற்காலையில் ஊசுட்டேரி வரை போய்த் திரும்புகிறவர்களை இந்தப் பக்கத்தில் இப்போதும் பார்க்கலாம். அவர்களில் மாடி வீட்டுக்காரர்கள் சைக்கிளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வீட்டுக்குள் என்பதுதான் பதிலாக இருக்கும்.

திண்ணை போனபோது

சைக்கிளுக்கு இடம் தேடும் இந்த அவஸ்தை நம் பாட்டனாருக்கு இருந்ததில்லை. புதுச்சேரியின் தமிழ் வீடுகளைப் பார்த்தால் காரணம் விளங்கும். வைசியாள் வீதியில், மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் முயற்சியில் சீரமைக்கப்பட்ட வரிசை வீடுகள் இருக்கின்றன. தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதற்கு உள்ளே திண்ணை, திண்ணைக்கு அப்பால் கதவு, பிறகு நடை, முற்றம். தெருவிலிருந்து வீட்டின் உள்ளறைக்குப் போவதற்குள் நான்கு விதமான இடங்களைக் கடக்கிறோம். பகலில் சைக்கிள் தாழ்வாரத் தூணில் சாய்ந்து நின்றது. இரவில் நடைக்குள் வந்தது. தூக்க வேண்டியதில்லை, இரண்டு படியில் உருட்டி ஏற்றினால் போதும். முதலியார்பேட்டை மில்களுக்கு ஷிப்டு மாற்றி ஷிப்டு மிதித்துப் போன தலைமுறை இப்படித்தான் தன் வண்டியைக் காப்பாற்றியது. வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராம வீடுகளில் தாழ்வாரமும் மாட்டுக்கொட்டகையும் அந்த வேலையைச் செய்தன.

அடுக்ககத்தில் இந்த நடு இடங்கள் ஒன்றுகூட இல்லை. பொதுப் படிக்கட்டு முடிந்ததும் கதவு. கதவு திறந்ததும் ஹால். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே தெருவின் தூசியோடு ஒரு வண்டி வந்து நிற்பதை எவரும் ஒப்ப மாட்டார்கள். வீட்டைக் கூட்டித் துடைப்பவர் யாரோ, அவருக்கு இந்த விஷயத்தில் முதல் வார்த்தை சொல்லும் உரிமை உண்டு.

கீழ்த்தளம் யாருக்காக வரையப்பட்டது என்று பார்த்தால் இன்னொரு அநியாயம் தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் 44.8 சதவீதத்தினரிடம் சைக்கிள் இருந்தது. ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ வைத்திருந்தவர்கள் 21 சதவீதம். கார் வைத்திருந்தவர்கள் 4.7 சதவீதம். அதற்குப் பிறகு கார்களின் எண்ணிக்கை ஏறியிருக்கிறது என்பது தெரிந்ததே. ஆனாலும் அடுக்ககத்தின் விலைப் பத்திரத்தில் 'கார் பார்க்கிங்' என்று தனி வரி இருக்கிறது. சைக்கிளுக்கு ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை. வீட்டுவேலைக்கு வரும் அக்கா, பேப்பர் போடும் பையன், வாட்ச்மேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று அந்தக் கட்டடத்துக்குள் தினமும் சைக்கிளில் வருபவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய வண்டி கேட்டுக்கு வெளியே, சாக்கடை மூடியின்மேல் நிற்கிறது.

நீரும் உப்பும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை எட்டரை மணி வரையான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48.4 செ.மீ. மழை பதிவானது. அதன்பின் சங்கராபரணி ஆற்றில் வெள்ளம் வந்தது. தாழ்வான நகர்களில் கீழ்த்தளமெல்லாம் முழங்கால் தண்ணீர், சில இடங்களில் இடுப்பளவு. கார் வைத்திருந்தவர்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு போன் செய்தார்கள். சைக்கிளுக்கு யார் போன் செய்வது?

நீரில் மூழ்கிய சைக்கிளைக் கழுவித் துடைத்து வெயிலில் காய வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். வெளியே பார்க்க அப்படித்தான் இருக்கும். சேதம் உள்ளே இருக்கிறது. சக்கரத்தின் நடு அச்சிலும் பெடல் அச்சிலும் குண்டுகள் கிரீஸில் உருள்கின்றன. சேற்று நீர் அந்த கிரீஸைக் கரைத்துவிட்டு மணலை விட்டுப் போகிறது. சில வாரங்களில் மிதிக்கும்போது கரகரவென்று சத்தம் வரும். பிறகு ஆட்டம் காணும். மூழ்கிய வண்டியின் இரண்டு சக்கர அச்சையும் நடு அச்சையும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்தால் பிழைத்துவிடும். பழைய தெரு முனை மெக்கானிக் இதை இன்னும் அழகாகச் செய்வார். ஆனால் உடனே செய்ய வேண்டும்.

வெள்ளம் எப்போதாவது வருவது. உப்புக்காற்று தினமும் வருவது. கடலிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறோம் என்று மூலக்குளத்துக்காரர்கள் நினைத்துக்கொள்ளலாம். பிற்பகலில் கடற்காற்று இதைத் தாண்டித்தான் உள்ளே போகிறது. செயினும் சக்கரக் கம்பியின் நுனியும் திருகாணிகளும் முதலில் செந்நிறமாகும். அதனால்தான் பால்கனியில் வைக்க வேண்டாம் என்கிறேன். பலர் முதலில் நினைக்கும் இடம் பால்கனிதான். ஆனால் வெயில் டயர் ரப்பரையும் சீட் உறையையும் வெடிக்க வைக்கும், ஐப்பசி மழைச் சாரல் செயினை நனைக்கும், உப்பு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். துணி காயப்போடும் இடமும் போய்விடும். வேறு வழியே இல்லையென்றால் சீட்டையும் செயினையுமாவது மூடிவையுங்கள். முழு வண்டியையும் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றினால் உள்ளே ஈரம் தங்கித் துரு கூடும். பழைய பருத்தி வேட்டி அதைவிட மேல்.

படியேறும் வழி

மாடிக்குக் கொண்டுபோவதில்தான் பாதிப் பேர் மனம் தளர்கிறார்கள். எடையைப் பார்ப்போம். கறுப்பு நிற ஸ்டாண்டர்டு சைக்கிள், கேரியரும் இருபக்க ஸ்டாண்டும் செயின்கவரும் சேர்ந்து இருபது கிலோவைத் தொடும். தடித்த டயர் வைத்த இன்றைய மவுண்டன் சைக்கிள் பதினைந்து முதல் பதினேழு. ஹைபிரிட் வகை பன்னிரண்டிலிருந்து பதினான்கு. மாடி வீட்டுக்குப் புதிதாக வாங்குகிறவர் கியர் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் கடையிலேயே ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும். முன்பக்க ஸ்பிரிங் ஃபோர்க் நம் ஊர்ச் சாலைக்கு அவசியம் என்று விற்கிறார்கள். மூலக்குளத்திலிருந்து கடற்கரைக்குப் போக அது தேவையில்லை. படியில் அதுவே கூடுதல் சுமை.

லிஃப்ட் இருந்தால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். ஆறு பேர் போகும் லிஃப்டின் உள்ளளவு பொதுவாக 1.1 மீட்டருக்கு 1 மீட்டர். சைக்கிளின் நீளமோ 1.8 மீட்டருக்கு மேல். மூலைக்கு மூலை வைத்தாலும் ஒன்றரை மீட்டர் வராது. ஆகவே பின்சக்கரத்தின்மேல் செங்குத்தாக நிறுத்தி, முன்சக்கரத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, நீங்கள் அதன் பக்கத்தில் ஒடுங்கி நிற்க வேண்டும். பின் பிரேக்கை அழுத்திப் பிடித்திருந்தால் வழுக்காது. வேறு யாராவது காத்திருந்தால் அவர்களை முதலில் போகவிடுவது நல்லது. சைக்கிளால் வரும் பெரும்பாலான அசோசியேஷன் சண்டைகள் லிஃப்டின் சுவரில் விழும் ஒரு கறுப்புக் கோட்டிலிருந்துதான் தொடங்குகின்றன.

லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் தோளில் தூக்கிப்போவதைவிட எளிய வழி இருக்கிறது. சைக்கிளைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி, ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் மார்புயரத்தில் பிடித்துக்கொண்டு, பின்சக்கரத்தைப் படிப்படியாக உருட்டி ஏற்றலாம். எடையின் பெரும்பகுதியைப் படி தாங்கும். திருப்பத்தில் வண்டி நிமிர்ந்தே இருப்பதால் கைப்பிடிச் சுவரில் இடிக்காது. இறங்கும்போது பின் பிரேக்கைச் சிறிது சிறிதாக விட்டுப் பிடித்து இறக்க வேண்டும். நாலைந்து முறை பழகிவிட்டால் கை தானாகச் செய்யும். தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் செயின் இருக்கும் வலப்பக்கத்தை உங்கள் உடம்புக்கு வெளிப்புறமாக வைத்துக்கொள்ளுங்கள். சட்டை பிழைக்கும்.

உள்ளே எங்கே?

நான் சொல்லும் இடம் கதவுக்குப் பின்னால் இருக்கும் முதல் சுவர். மேல்பரண் அல்ல, விருந்தாளி அறை அல்ல, படுக்கையறைக் கட்டிலுக்குப் பின்னால் அல்ல. எங்கள் வீட்டில் செருப்பு அலமாரியைச் சமையலறைப் பக்கம் தள்ளிவிட்டு அந்த இடத்தைச் சைக்கிளுக்குக் கொடுத்தோம். அதற்கு முன்பு பின்னறையில் வைத்திருந்த காலத்தில் வண்டி வாரக் கடைசியில் மட்டும் வெளியே வந்தது. கதவோரம் வந்தபின் பால் வாங்கவும் போகிறது. வேறு எந்த மாற்றமும் நாங்கள் செய்யவில்லை.

சைக்கிளின் அகலம் நாம் நினைப்பதுபோல் பெரிய சிக்கல் இல்லை. சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு வழியை அடைப்பவை இரண்டு: ஹேண்டில்பார், பெடல். ஹேண்டில்பார் அறுபது சென்டிமீட்டர் முதல் எழுபதுக்கு மேல் வரை இருக்கும். அதைத் தாங்கும் தண்டின் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தினால் முன்சக்கரம் நேராக இருக்கும்போதே ஹேண்டில்பாரைச் சட்டத்துக்கு இணையாகத் திருப்பிவிடலாம். தினமும் ஓட்டுகிறவர் இதைச் செய்ய வேண்டாம். மறுபடி சரியாக இறுக்காமல் கிளம்பினால் ஆபத்து. நீண்ட நாள் ஊருக்குப் போகும்போது இடம் மிச்சம் பிடிக்க உதவும். பெடலுக்கு மடக்கு பெடல் கிடைக்கிறது, அது தினசரிக்கும் ஒத்துவரும். பெடலைக் கழற்றுவதானால் ஒன்றை நினைவில் வையுங்கள்: வலது பெடல் வழக்கமான திசையில் கழலும், இடது பெடலின் மரை எதிர்த் திசை. இதை அறியாமல் பலம் போட்டு மரையைத் தேய்த்துவிடுகிறார்கள்.

சுவரில் மாட்டுவதில் இரண்டு முறை உண்டு. ஒன்று, மேல் தண்டைத் தாங்கிகளில் வைத்துப் படுக்கைவசமாக மாட்டுவது. பார்வைக்கு அழகு; ஆனால் ஆறடிச் சுவரை முழுக்க எடுத்துக்கொள்ளும், தினமும் மார்பளவுக்கு மேல் தூக்க வேண்டும். மேல் தண்டு இல்லாத லேடீஸ் சைக்கிளுக்கு இது உதவாது. விளம்பரப் படங்களில் இதையே காட்டுகிறார்கள், வீட்டில் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பெண்களும் உண்டு என்பதை மறந்துவிட்டு. மற்றொன்று, முன்சக்கரத்தைக் கொக்கியில் மாட்டிச் செங்குத்தாக நிறுத்துவது. தரையில் ஹேண்டில்பாரின் அகலமும் மூன்றரை அடி ஆழமும் போதும். கொக்கியைப் பொருத்துமுன் சைக்கிளை நிமிர்த்திப் பிடித்து, பின்சக்கரம் தரையைத் தொட்டபடி இருக்கும் உயரத்தைச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் கொக்கி இருந்தால் வண்டியைத் தூக்கவே வேண்டாம். பின்சக்கரத்தில் சாய்த்து நிமிர்த்தி மாட்டினால் போதும். பதினான்கு வயசுப் பிள்ளையும் செய்யலாம், அறுபது தாண்டியவரும் செய்யலாம். எல்லா முறைகளிலும் நான் முதலில் வைப்பது இதைத்தான்.

சக்கரத்தைப் பிடித்துத் தொங்கவிட்டால் ரிம் வளைந்துவிடாதா என்று பலர் பயப்படுகிறார்கள். ஓட்டும்போது உங்கள் எடை முழுவதையும் பள்ளத்தில் விழுந்தெழுந்து தாங்கும் சக்கரம் அது. பதினைந்து கிலோவுக்கு அசையாது. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியை நெடுநாள் செங்குத்தாக நிறுத்தியிருந்தால் மட்டும், கிளம்பும் முன் பிரேக்கை நாலைந்து முறை அழுத்திப் பாருங்கள். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் பிடி மெத்தென்று இறங்கும். அப்படியிருந்தால் அன்றைக்கு ஓட்டாமல் சரிசெய்து கொள்வதே நல்லது.

சுவர் எது என்று தெரிந்துகொள்ளாமல் டிரில் எடுக்கக் கூடாது. ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் என்றால் கவலையில்லை. சிமென்ட் பூச்சின் கனம் போக, செங்கல்லுக்குள் இரண்டு இஞ்சாவது இறங்கும் நீளத்தில் திருகாணி வேண்டும். கலவை இணைப்பில் துளை விழாமல் கல்லின் உடலில் விழ வேண்டும். அறைகளைப் பிரிக்கும் நாலரை இஞ்ச் சுவரில் இடி டிரில்லை ஓங்கி அழுத்தினால் மறுபக்கப் பூச்சு பெயர்ந்து விழும். புதிய அடுக்ககங்கள் பலவற்றில் ஏஏசி பிளாக், ஹாலோ பிளாக் பயன்படுத்துகிறார்கள். துளையிடும்போது செம்மண் தூளுக்குப் பதில் வெளிறிய மாவுபோல் கொட்டி, டிரில் தயிருக்குள் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போனால் அது ஏஏசி பிளாக். சாதாரணப் பிளாஸ்டிக் செருகு அதில் நிற்காது. அதற்கென்றே விற்கும் ஆங்கரோ, பசை ஊற்றிப் பொருத்தும் வகையோ வேண்டும். கான்கிரீட் தூண் பக்கத்தில் இருந்தால் அதுவே நம்பகமான இடம், ஆனால் மேலோட்டமாக மட்டும். உள்ளே கம்பி தட்டினால் அரை இஞ்ச் தள்ளி வேறு துளை போடுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் கைவைக்க வேண்டாம், ஒயர் குழாய் அந்த வழியாகத்தான் போகும். குளியலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஆணியே பிரச்சினை. காலி செய்யும்போது ஹவுஸ் ஓனர் துளைகளை எண்ணி அட்வான்சில் பிடிப்பார். அவர்களுக்குச் சுவரைத் தொடாத வழிகள் உண்டு: பின்சக்கரத்தைக் கவ்விப் பிடித்து வண்டியைச் செங்குத்தாக நிறுத்தும் தரை ஸ்டாண்டு, தரைக்கும் கூரைக்கும் இடையில் அழுத்தி நிற்கும் கம்பம். ஃபால்ஸ் சீலிங் போட்ட அறையில் கம்பம் கூடாது. இரண்டும் வேண்டாம் என்றால் ஒரு கோணிச் சாக்கு, ஒரு மூலை, சுவருக்கும் டயருக்கும் நடுவே பழைய பாய்த் துண்டு; இவ்வளவு போதும்.

மழையில் நனைந்து வந்த வண்டி வாசலிலேயே கால் மணி நேரம் சாக்கின்மேல் நிற்கட்டும். செயினையும் ரிம்மையும் பழைய லுங்கித் துணியால் துடைத்துவிட்டு உள்ளே எடுங்கள். செயினில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளியே ஒட்டியிருப்பதைத் துடைத்துவிட வேண்டும். உருளைகளுக்குள் போனது போதும். வெளியே மினுமினுக்கும் எண்ணெய் தூசியைப் பிடித்து, சுவரிலும் பிள்ளைகளின் சீருடையிலும் கறையாக வந்து சேரும்.

இடமே இல்லாதவர்களுக்கு மடக்கு சைக்கிள் இருக்கிறது. லண்டனில் தெற்கு கென்சிங்டன் பகுதியில் தன் ஃபிளாட்டின் படுக்கையறையிலேயே ஆண்ட்ரூ ரிச்சி என்ற பொறியாளர் 1970-களின் நடுவில் செய்யத் தொடங்கியது பிராம்ப்டன். மடித்தால் 58.5 செ.மீ. நீளம், 56.5 உயரம், 27 அகலம். மேசைக்கு அடியில் போய்விடும். விலை நம்மில் பலருக்கு எட்டாது. இந்தியக் கடைகளில் இப்போது மலிவான மடக்கு வகைகளும் வருகின்றன. சக்கரம் சிறியது என்பதால் பள்ளங்களில் குலுக்கும். வில்லியனூர் ரயில் நிலையம் வரை மிதித்து, ரயிலில் விழுப்புரம் போகிறவருக்கு அது பொருந்தும். மார்க்கெட் மூட்டை ஏற்றுகிறவருக்குப் பொருந்தாது.

பேட்டரி சைக்கிளை வீட்டுக்குள் வைப்பவர்களுக்கு மட்டும் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். நியூயார்க் நகரில் லித்தியம் பேட்டரி தீவிபத்துகளில் 2023-ல் மட்டும் 18 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வீட்டில், தரமற்ற அல்லது சேதமான பேட்டரியிலிருந்து தொடங்கிய தீ. பேட்டரி சைக்கிளைக் கதவோரத்தில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். தீ பிடித்தால் தப்பிக்கும் வழியே அடைபட்டுவிடும். கழற்றக்கூடிய பேட்டரியை எடுத்து, மெத்தை, திரைச்சீலை பக்கத்தில் இல்லாத டைல்ஸ் தரையில் வைத்து, நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும், அந்த வண்டியோடு வந்த சார்ஜரால் ஏற்றுங்கள். வெள்ளத்தில் நனைந்த பேட்டரி வெளியே காய்ந்து தெரிந்தாலும் வீட்டுக்குள் வரக் கூடாது.

வரைபடத்தில் ஒரு கட்டம்

இத்தனையும் தனித்தனி வீட்டுக்காரர் தன் கையால் செய்துகொள்ளும் சமாளிப்புகள். கட்டடம் சைக்கிளை நினைத்துக் கட்டப்பட்டிருந்தால் இவற்றில் பாதி தேவைப்பட்டிருக்காது. நெதர்லாந்தில் புது வீடுகளுக்குச் சைக்கிள் வைக்கப் பூட்டக்கூடிய வைப்பறை கட்ட வேண்டும் என்பது கட்டட விதி. 2003-ல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். 2012-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள்: ஐந்து சதுர மீட்டருக்குக் குறையாத, 1.8 மீட்டர் அகலமுள்ள அறை. லண்டனின் 2021 நகரத் திட்டம் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு இரண்டு சைக்கிள் இடம் கேட்கிறது. தமிழர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடிகளில் பொது நடைவழியில் சைக்கிள் வைக்கலாம், 1.2 மீட்டர் வழி தடையின்றி இருந்தால். அந்த ஒரு அளவு எழுத்தில் இருப்பதால் அக்கம்பக்கத்து வாக்குவாதத்துக்கு ஒரு அளவு நாடாவால் முடிவு கட்டிவிட முடிகிறது.

நம் பக்கத்து அரசுகளுக்குச் சைக்கிளின் அருமை தெரியாமல் இல்லை. தமிழ்நாடு 2001-02-ல் பட்டியல் வகுப்பு மாணவிகளுக்குத் தொடங்கிய இலவசச் சைக்கிள் திட்டத்தை 2005-06-ல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர் அனைவருக்கும் விரித்தது. புதுச்சேரி அரசும் மாணவர்களுக்குச் சைக்கிள் கொடுத்திருக்கிறது. கொடுத்த சைக்கிள் இரவில் எங்கே நிற்கும் என்பது அடுத்த கேள்வி. மாடிக் குடித்தனத்தில் இருக்கும் மாணவியின் வண்டி கேட்டுக்கு வெளியே நின்று, ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து, மறு வருஷம் பழைய இரும்புக் கடைக்குப் போவது அரசுப் பணமும் அவளுடைய பள்ளிக்கூட வழியும் சேர்ந்து போவதுதான்.

ஒரு கார் நிறுத்த ஒதுக்கும் இடம் இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். அரை மீட்டர் இடைவெளியில் வரிசையாக நிறுத்தினால் அதில் பத்துச் சைக்கிள்கள் நிற்கும். பன்னிரண்டு வீடுள்ள ஓர் அடுக்ககத்தின் தேவை ஏறக்குறைய தீர்ந்துவிடும். புதிய கட்டட வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரிகள், கார் கட்டங்களை எண்ணும்போதே, தரைமட்டத்திலிருந்து உயர்த்திய, கம்பிக்கதவு போட்டுப் பூட்டக்கூடிய சைக்கிள் கட்டம் ஒன்று எங்கே என்று கேட்க வேண்டும். உயர்த்திய மேடை என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். ஃபெஞ்சலுக்குப் பிறகு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே கட்டி முடித்த கட்டடங்களில் அசோசியேஷன்களே செய்யக்கூடியது இருக்கிறது. முதலில் மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் வண்டிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு கட்டி, ஒரு மாதம் கெடு வையுங்கள். உரிமையாளர் வராதவற்றை வாட்ச்மேனுக்கோ வீட்டுவேலைக்கு வருபவர்களின் பிள்ளைகளுக்கோ பழுது பார்த்துக் கொடுங்கள். இடம் பாதி அப்போதே காலியாகிவிடும். மீட்டர் பெட்டிக்கும் படிக்கட்டு வாய்க்கும் முன்னால் எதையும் நிறுத்தாமல், மீதி இடத்தில் தரையில் இரும்பு வளையங்களைப் பதித்துவிடுங்கள். சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்ட அது வேண்டும். நடு அச்சுக்கு அடியில் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணை ஒவ்வொருவரும் குறித்து வைத்துக்கொண்டால், திருட்டுப் போனால் காவல் நிலையத்தில் சொல்ல ஒரு அடையாளம் இருக்கும். வேலைக்கு வருபவர்களின் சைக்கிளுக்கும் அதே மேடையில் இரண்டு வளையம் ஒதுக்க வேண்டும். செலவைப் பார்த்தால் ஒரு மாதப் பராமரிப்புக் கட்டணத்துக்குள் முடியும் வேலை. பொங்கலுக்கு முந்திய பொதுக்குழுவில் எடுத்துவைத்தால் கோடை விடுமுறைக்குள் வளையம் பதிந்துவிடும்.